இருபத்தேழாம் நம்பர் வேம்பு

கொண்டல்சாமி செய்த வேப்பமரத்தின் உயரம் நான்கு விரற்கடை, அது விரித்த நிழலோ முப்பதடி. இதைப் பார்த்து வெயிலுகந்தபுரத்தில் யாரும் வாயைப் பிளந்ததாகத் தகவல் இல்லை, ஏனென்றால் கத்திரி வெயிலில் நிழல் கிடைத்தால் அது எங்கிருந்து வருகிறது என்று அண்ணாந்து பார்க்கிற பழக்கம் அந்த ஊர்க்காரர்களுக்குக் கிடையாது, முதலில் போய் உட்கார்ந்துகொள்வார்கள், அப்புறம் பக்கத்தில் இருப்பவனைக் கொஞ்சம் நகரச் சொல்வார்கள்.

கொண்டல்சாமிக்கு பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை. கடுகைவிடச் சின்னத் திருகாணியை இடுக்கியால் தூக்கிப் பிரேமில் பொருத்துகிற வேலையில் மூச்சை அடக்கி அடக்கி, காலப்போக்கில் பேச்சையும் அடக்கிக்கொண்ட மனிதர். அவர் கடைக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்த ரோட்டு இன்ஜினீயர் ஜெரால்டு ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து, கண்ணாடி தனக்கு வேண்டாம், இவர்களுக்குத்தான் கண் எழுத வேண்டும் என்று டின்னைக் கவிழ்த்தபோது, கட்டைவிரல் கணு உயரத்தில் நூற்றுப்பத்து ஈயச் சிப்பாய்கள் மேஜைமேல் உருண்டார்கள். ஜெரால்டிடம் இரண்டு படைகள் இருந்தன, பகடைகள் இருந்தன, எந்தச் சிப்பாய் எத்தனை அங்குலம் நடக்கலாம், யார் யாரைச் சுடலாம் என்று சட்டம் எழுதிய நோட்டு ஒன்று இருந்தது. எதிரி மட்டும் இல்லை. கொண்டல்சாமி நூற்றுப்பத்துப் பேருக்கும் கருவிழி வைத்துக் கொடுத்துவிட்டு எதிரியாகவும் ஆகிக்கொண்டார்.

படை இருக்கிறது, நாடு இல்லை என்பதுதான் அடுத்த கவலை. காடும் மலையும் கோட்டையும் இல்லாமல் வெறும் பலகையில் சண்டை போட்டால் சிப்பாய்களுக்கே வெட்கமாக இருக்காதா? வெளியூரிலிருந்து பிளாஸ்டிக் மரம் வரவழைக்கலாம் என்றார் ஜெரால்டு. கொண்டல்சாமி மறு ஞாயிறு ஒரு நாட்டையே கொண்டுவந்து பலகையில் இறக்கினார். சிரட்டைத் துண்டுகளால் கோட்டை மதில், உதிர்ந்த மரப்பட்டைகளை அடுக்கிய மலை, துளசிக் கதிர்களை நட்டு வேலி, விளக்குமாற்றுப் புல்லை நறுக்கி வேய்ந்த கூரைகள், பீர்க்கங்கூட்டைப் பிய்த்து ஒட்டிய புதர்கள். அவர் மனைவி ராஜகனி முதுகு தேய்க்க வைத்திருந்த பீர்க்கங்கூட்டைக் காணோமென்று ஒரு வாரம் வேலைக்காரியைச் சந்தேகப்பட்டு, கடைசியில் அது ஒரு தளபதிக்குப் பின்னால் புதராக நிற்பதைக் கண்டுபிடித்து, அம்பது வயசு ஆம்பிளைக்குப் பொம்மையாட்டம் கேக்குதா என்று ஏழு நாள் குழம்பில் உப்பைக் குறைத்தாள்.

மரங்களை மட்டும் கொண்டல்சாமி கடைசியாகத்தான் செய்தார், அதுவும் ஒரு வைராக்கியத்தோடு. ஊருக்குள் வரும் ரோட்டின் இரண்டு பக்கமும் வேம்பும் புளியும் வாகையுமாக நாற்பத்து மூன்று மரங்கள் நின்றன, ஒவ்வொன்றின் அடியிலும் ரோட்டுக்காரர்கள் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டிருந்தார்கள். ஒரு மரத்தின் சின்ன உருவத்தை அந்த மரத்தின் சரக்கைக் கொண்டேதான் செய்வது, ஒரு இணுக்குக்கூட அடுத்த மரத்திலிருந்து சேர்ப்பதில்லை என்பது அவர் வைத்துக்கொண்ட சட்டம். ஏழாம் நம்பர் வேம்பின் கீழே உதிர்ந்த சுள்ளிதான் ஏழாம் நம்பர் குட்டி மரத்துக்கு அடிமரம், அதே வேம்பின் காய்ந்த பூங்காம்புகள்தான் கிளைகள், அதன் சருகைக் கசக்கி டீ வடிகட்டியில் சலித்த தூள்தான் இலை, அதன் பட்டையில் வழிந்த பிசினை வெந்நீரில் கரைத்ததுதான் பசை. முடிந்ததும் சிரட்டை வில்லையில் நிறுத்தி, வில்லையின் அடியில் ஒற்றை மயிர்த் தூரிகையால் அந்த நம்பரை எழுதிவிடுவார். எதற்கு இந்த வம்பு, எல்லாச் சருகும் ஒரே சருகுதானே என்று ஜெரால்டு கேட்டதற்கு, ஒருத்தர் பவர் கண்ணாடியை இன்னொருத்தருக்கு மாட்ட முடியுமா என்று கேட்டுவிட்டு அடுத்த சுள்ளியை எடுத்தார்.

ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு: மரத்தின் மறைவில் நிற்கும் சிப்பாய்மேல் பகடை வீசினால் விழுந்த எண்ணில் இரண்டைக் கழிக்க வேண்டும். அதனால் இருவரும் மரத்துக்காக அடித்துக்கொள்வார்கள். கொண்டல்சாமிக்கு ஒரு தந்திரமும் உண்டு. எல்லா மரத்தடியிலும் ஆளை நிறுத்திவிட்டு ஒரே ஒரு மரத்தைக் காலியாக விட்டுவைப்பார், ஜெரால்டின் தளபதி ஆசைப்பட்டு அங்கே வந்து நிற்பார், உடனே கொண்டல்சாமி நான்கு பக்கமும் வளைத்துக்கொண்டு, "வாங்க சார், உங்களுக்குத்தான் இடம் போட்டு வச்சிருக்கேன்" என்பார். ஆறு வருஷமாக ஜெரால்டு இதே குழியில்தான் விழுந்துகொண்டிருந்தார்.

ஆட்டம் மொட்டைமாடியில் காலை ஏழு மணிக்குத் தொடங்கும், ஒன்பது மணி வெயில் வந்து இரண்டு படையையும் கீழே விரட்டும். ஒரு சித்திரை ஞாயிறு, அப்போதுதான் பிசின் காய்ந்திருந்த முதல் வேம்பைக் கொண்டல்சாமி பலகையில் வைத்தார், ஆட்டம் நடந்தது, இருவரும் மாறி மாறிப் பகடை போட்டார்கள், மணி பதினொன்றரை ஆனதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தது ராஜகனிதான். மாடியில் காயப்போட்ட மிளகாய் வத்தல் ஈரமாகவே கிடக்கிறதே என்று வந்து பார்த்தவள், மாடி முழுக்க வேப்பநிழல் அசைந்துகொண்டிருந்ததையும், அது பலகையின் ஓரத்தில் நின்ற நான்கு விரற்கடை மரத்திலிருந்து விழுவதையும் பார்த்துவிட்டு, "இந்த மரத்த அங்கிட்டு எடுத்து வைங்க, வத்தல் பூத்துப் போகும்" என்றாள். கொண்டல்சாமி எடுத்து நகர்த்தி வைத்தார், நிழலும் நகர்ந்தது, ஜெரால்டு தன்னுடைய முறை என்று நினைவூட்டினார்.

மறுநாள் ராஜகனி ரேஷன் கடைக்குப் போகும்போது அந்த மரத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். அவ்வளவுதான், ஊருக்குத் தெரிந்துவிட்டது. வரிசையில் முன்னால் நின்றவர்கள் தானாகப் பின்னால் வந்து அவளுக்கு அருகில் நின்றார்கள், வரிசை தலைகீழாகி, சீனி போடுகிறவர் யாருக்குப் போடுவதென்று தெரியாமல் சத்தம் போட்டார். அதற்குப் பிறகு காப்பித்தூள் இரவல் வாங்குவது மாதிரி மரம் இரவல் வாங்கத் தொடங்கினார்கள். கொண்டல்சாமி ஒன்று செய்ய, ஒன்று போய்விடும். ஒரே மரத்துக்கு இரண்டாவது உருவம் செய்து பார்த்தார், அதற்குக் கட்டைவிரல் நீளம்தான் நிழல் விழுந்தது. ஆக ஊருக்கு மொத்தம் நாற்பத்து மூன்று நிழல், அதற்குமேல் கேட்கக் கூடாது.

பஸ் ஸ்டாப்புக்கு மூன்றாம் நம்பர் வாகை போனது. சவரக்கடைக்காரர் சீனிச்சாமி ஆறாம் நம்பரை வாங்கி, கடையைப் பூட்டிவிட்டு நாற்காலியை வீதியில் போட்டார். போக்குவரத்துக் காவலர் பதினொன்றாம் நம்பரைத் தொப்பியின்மேல் கட்டிக்கொண்டு நான்குமுக்கு நடுவில் நின்றதால், பச்சை விளக்கு எரிந்தாலும் வண்டிகள் அவரைவிட்டு நகர மறுத்தன. புளியமரத்து நிழலில் படுக்கக் கூடாது என்பதால் புளிகளுக்கு வீடுகளில் கிராக்கி இல்லை. கூட்டுறவு வங்கி மேலாளர் ஒரு புளியைக் கேட்டு வாங்கி வாசலில் வைத்தார், அன்றிலிருந்து காவலாளி பயத்தில் கண்ணை மூடவில்லை. பக்கத்து வீட்டு நிழல் என் துணியைக் காயவிடவில்லை என்று இரண்டு பிராது வந்தது. குடை விற்பவர் ஒரு மாதம் கோபித்துக்கொண்டு, பிறகு அவரும் வந்து ஒரு வேம்பு கேட்டார். நாய்கள் முதல் நாளே புரிந்துகொண்டன, காக்கைகளுக்குத்தான் பொறுக்கவில்லை, நிழலில் கிளை ஆடுகிறதே, உட்காரக் கிளையைக் காணோமே என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கொண்டல்சாமி வீட்டு ஜன்னலில் வந்து திட்டிவிட்டுப் போயின.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லா மரமும் காலையில் ஆட்டப் பலகைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை. அப்படி ஒரு ஞாயிறு, ஆட்டம் முடிந்து எண்ணினால் நாற்பத்திரண்டுதான் இருந்தது. இருபத்தேழாம் நம்பர் வேம்பைக் காணோம். "காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும் அண்ணாச்சி" என்றார் ஜெரால்டு, முகத்தைப் பார்க்காமல். அவருடைய சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது, பையின் விளிம்பில் வேப்பஞ்சருகுத் தூள் ஒட்டியிருந்தது, நல்ல பகல் வேளையில் ஜெரால்டின் இடது பாதி மட்டும் நிழலாக இருந்தது. கொண்டல்சாமி, ஆமாம், காக்காய்க்குக் கொழுப்பு கூடிப்போச்சு என்று மட்டும் சொன்னார். ஜெரால்டின் மனைவி மெர்சிக்குப் பெண் குழந்தை பிறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது, அவர்களுக்குக் கிடைத்தது மூன்றாம் மாடிக் குவார்ட்டர்ஸ், மொட்டைமாடிக்கு நேர் கீழே, அடுப்பில் வைத்த தோசைக்கல்லும் அதுவும் ஒன்று. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்கக் கூச்சப்பட்டுத் திருடிய மனிதனிடம் திருப்பிக் கேட்கக் கொண்டல்சாமிக்குக் கூச்சமாக இருந்தது. மறுநாள் அந்தப் பக்கம் சைக்கிளில் போனபோது குவார்ட்டர்ஸ் தலைமேல் வேப்பநிழல் கவிந்திருந்தது, நிழலின் ஓரத்து வெயிலில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவருக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ரோட்டை அகலப்படுத்தும் உத்தரவு வந்தது. நாற்பத்து மூன்று மரத்தையும் எடுக்க வேண்டும், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று கல்யாண மண்டபத்து முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். வேறு வருஷமாக இருந்தால் ஊர் சண்டைக்கு வந்திருக்கும். இப்போது முற்றத்தில் மூன்று குட்டி மரங்களின் நிழல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குளுகுளுவென்று இருந்தது, ஊரும் குளிர்ந்து கிடந்தது. நிழலுக்குத்தான் நம்ம கண்ணாடிக்கடைக்காரர் இருக்காரே, ரோடும் அகலட்டும் என்றார் ஒருவர், எல்லோரும் கைதட்டிக் கொண்டல்சாமி பக்கம் திரும்பினார்கள். அவருக்கு ஐம்பது வருஷத்தில் யாரும் கைதட்டியதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் காது வரைக்கும் சிவந்துபோய், ஜெரால்டு நீட்டிய சம்மதத் தாளில் முதல் கையெழுத்தைப் போட்டார். அதற்குக் கீழே ஊர் போட்டது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மரம் அறுக்கும் மெஷினும் பொக்லைனும் வந்தன. முதல் மரம் சாய்ந்தபோது கொண்டல்சாமி கடையில் இருந்தார். எதிரே இட்லிக்கடை வாசலில் இருந்த நிழல் விளக்கை அணைத்தாற்போல் போய்விட்டது, ஆனால் வந்து விழுந்தது இருட்டில்லை, வெயில். இட்லிக்கடைக்காரி குட்டி மரத்தைத் தூக்கித் தட்டிப் பார்த்தாள், குலுக்கிப் பார்த்தாள், இது கெட்டுப்போச்சு என்று கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். கொண்டல்சாமி அதைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒன்று என்று இருந்தது. அடுத்த முக்கால் மணி நேரத்தில் இரண்டு வந்தது, அப்புறம் பஸ் ஸ்டாப்பிலிருந்து மூன்று. பன்னிரண்டு மணிக்குச் சீனிச்சாமி ஒரு கையில் சவரக் கத்தியும் மறு கையில் ஆறாம் நம்பருமாக வந்தபோது, கொண்டல்சாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நிழல் அவர் செய்தது இல்லை. ரோட்டோர மரம் தன்னுடைய நிழலைத்தான் இத்தனை நாளும் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தது, அவர் செய்ததெல்லாம் அதற்கு ஒரு விலாசம் எழுதியதுதான். அந்த மரத்தை வெட்ட முதல் கையெழுத்துப் போட்ட கையும் அதே கைதான்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார். சாப்பாட்டு இடைவேளை. வேலையாட்கள் ஏழாம் நம்பர் வேம்பின் நிழலில், அடுத்து அதைத்தான் வெட்டப் போகிறோம் என்ற நினைப்பில்லாமல், தூக்குச்சட்டியைத் திறந்திருந்தார்கள். ஜெரால்டு தனியாக நின்றிருந்தார்.

"நிப்பாட்டணும் சார்" என்றார் கொண்டல்சாமி.

"எப்படி அண்ணாச்சி நிப்பாட்ட? மேல இருந்து ஆர்டர். ஊரே சம்மதம்னு எழுதிக் குடுத்திருக்கு. மொதக் கையெழுத்து யாருதுன்னு நீங்களே பாருங்க."

கொண்டல்சாமிக்கு இருபத்தேழு என்ற நம்பர் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் இத்தனை வேலையாட்கள் முன்னால் இந்த மனிதனைத் திருடன் என்று சொன்னதாகிவிடும். விழுங்கிக்கொண்டார். மெஷின் எத்தனை மணிக்கு மறுபடி ஓடும் என்று மட்டும் கேட்டார். இரண்டு மணிக்கு என்றார் ஜெரால்டு.

பேசியே பழக்கமில்லாத மனிதர் இரண்டு மணிக்குள் ஊர் முழுக்கச் சைக்கிளில் சுற்றி, வாசல் வாசலாக ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "மரத்தோட அடியைத் திருப்பிப் பாருங்க, அந்த நம்பர் மரம் போனா உங்க நிழல் போயிரும்." மிச்சத்தை ராஜகனி சொல்லிக்கொண்டு பின்னாலேயே வந்தாள், அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது, கணவனின் கையெழுத்தைப் பற்றியே பாதி இருந்தது.

இரண்டு மணிக்கு மெஷின் உறுமியபோது ரோட்டில் தேர் பார்க்கிற கூட்டம். ரேஷன் வரிசை வரிசையாகவே வந்து, யாரும் முந்தாமல், பதினான்காம் நம்பருக்குக் கீழே அதே ஒழுங்கில் நின்றது. போக்குவரத்துக் காவலர் பதினொன்றின் கீழ் கையை நீட்டி நின்றார், பழக்க தோஷத்தில் இரண்டு லாரிகளும் அங்கே நின்றன. ஆறாம் வகுப்பு தன் டீச்சரோடும் கரும்பலகையோடும் முப்பத்தொன்றுக்கு வந்து விட்ட இடத்திலிருந்து வகுத்தல் கணக்கைத் தொடர்ந்தது. வங்கி மேலாளர் புளிக்குக் கீழே பயந்துகொண்டே உட்கார்ந்தார். சீனிச்சாமியின் மரம் போய்விட்டதால் அவர் பாதி மழித்த வாடிக்கையாளரைக் கூட்டிக்கொண்டு வந்து ஏழாம் நம்பர்க்காரர்களிடம் இடம் கேட்டார், கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவர் மடியிலும் நான்கு விரற்கடை மரம் இருந்தது, வாயில் கொண்டல்சாமியின் வாக்கியம் இருந்தது, அது ஜெரால்டு காதிலும் விழுந்தது.

கான்ட்ராக்டர் மேலும் கீழும் நடந்து பார்த்தார். ஆள் இல்லாத மரமே இல்லை. இல்லை, ஒன்று இருந்தது. கூட்டத்துக்கு நடுவே, விழுந்த பல் மாதிரி ஒரு வெறுமை. இருபத்தேழாம் நம்பர் வேம்புக்குக் கீழே ஒரு குஞ்சு இல்லை.

"சார், அந்த ஒத்த மரத்தையாச்சும் முடிச்சிருவோம். ஆளில்லாத மரம்தானே. சொல்லுங்க."

மெஷினைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் அங்கே போனார்கள். ஜெரால்டு பட்டையில் இருந்த வெள்ளை நம்பரைப் பார்த்தார். கொண்டல்சாமியைப் பார்த்தார். கொண்டல்சாமி இருபத்தெட்டாம் நம்பர் மரத்தில் சாய்ந்துகொண்டு தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார், ஆனால் அவருக்கு உள்ளங்கை வியர்த்துக் கண்ணாடி வழுக்கியது, ஏனென்றால் இந்தத் தடவை பலகையில் வைத்திருந்தது ஈயச் சிப்பாய் இல்லை, இந்த மனிதன் அசையாமல் நின்றுவிட்டால் மரமும் போகும், தொட்டில் நிழலும் போகும், ஆறு வருஷச் சிநேகமும் போகும். அங்கிருந்து பார்த்தால் மூன்று தெரு தள்ளிக் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடி தெரியும். அதன்மேல் நிழல் கிடந்தது. மெர்சி நிழலின் ஓரத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெரால்டு நடந்தார். தலையில் இருந்த மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி வேர்மேல் வைத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இருபத்தேழாம் நம்பருக்குக் கீழே சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"சார், எந்திரிங்க சார்" என்றார் கான்ட்ராக்டர்.

"இதுலயும் ஆள் இருக்குய்யா" என்றார் ஜெரால்டு.

நாற்பதடி தள்ளி, மூச்சை இழுத்துவிட்டு, கொண்டல்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வாங்க சார்" என்றார், "உங்களுக்குத்தான் இடம் போட்டு வச்சிருக்கேன்." ஏழாவது வருஷமும் அதே குழியில் விழுந்த ஜெரால்டு தலையில் கையை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார், எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாமலே ரேஷன் வரிசையும் சிரித்தது.

கோப்பில் அவர் என்ன எழுதி அனுப்பினார் என்பது ஊருக்கெல்லாம் மனப்பாடம்: மரங்களின் அடியில் பொதுமக்களும், ஒரு மரத்தின் அடியில் உதவிப் பொறியாளரும் அமர்ந்திருந்தபடியால் பணி நடைபெறவில்லை. மேலிடம் எட்டு முறை விளக்கம் கேட்டது, எட்டு முறையும் அவர் போய் உட்கார்ந்துகொண்டுதான் பதில் எழுதினார். கடைசியில் ரோடு ஊருக்கு வெளியே ஒரு வளைவு வளைந்து போனது. இன்றைக்கும் அந்த இடத்தில் பஸ்ஸில் நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள், சாய்ந்து நிமிர்ந்த பிறகு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வெட்டுப்பட்ட ஆறு மரத்தின் குட்டிகளைக் கொண்டல்சாமி யாருக்கும் கொடுக்காமல் கடையில் தன் கண்ணெதிரே வைத்துக்கொண்டார், அந்த ஆறு இடத்திலும் கன்று நட்டு, தினமும் சைக்கிளில் தண்ணீர் கொண்டுபோனார்.

மரத்தடியில் உட்கார்ந்த அந்த வியாழனுக்கு அடுத்த ஞாயிறு, ஆட்டத்துக்கு முப்பத்தாறு நிழல்தான் பலகைக்கு வந்தது. இருபத்தேழைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஆட்டம் சூடு பிடித்தபோது ஜெரால்டு தன் தளபதியை எடுத்து, வழக்கமாக அந்த வேம்பு நிற்கும் வட்டத்தில், ஒரு மறைவும் இல்லாமல் வெட்டவெளியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இங்க ஒரு மரம் இருக்குன்னு வச்சுக்குவோம் அண்ணாச்சி" என்றார், பலகையைப் பார்த்தபடியே.

கொண்டல்சாமி பகடையை உருட்டினார். ஆறு விழுந்தது. நோட்டைப் புரட்டாமல் அதில் இரண்டைக் கழித்துக்கொண்டார்.